வெறுங்குடல் மூன்று நாள்

தெளிவுக்கண் மறுபடியும் சிவப்பு காட்டியது.

தர்ஷினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விடிந்ததிலிருந்து இது பதினொன்றாவது தடவை. நாலு லிட்டர் கழுவுநீர் உள்ளே போயிருக்கிறது. வெளியே வந்தது அதைவிடக் கூடுதல் என்றுதான் அவளுக்குப் பட்டது. உப்பும் எலுமிச்சையும் துணி அலசின தண்ணீரும் கலந்தாற்போன்ற அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. இதற்கு மேலும் அழுக்கு இருக்கிறது என்றால் குடலையே உருவித் துவைத்துக் கொடியில் காயப்போட வேண்டியதுதான் என்று நினைத்தாள். நினைக்கக்கூட அலுப்பாக இருந்தது.

தெளிவுக்கண் என்பது பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. கழிவறைப் பீங்கானுக்குள் பதித்த, மொச்சைக்கொட்டை அளவு கண்ணாடி. கீழே போகிற தண்ணீரைப் பார்த்துச் சொல்லும். சிவப்பென்றால் இன்னும் கசடு இருக்கிறது, மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறு, பச்சை என்றால் குடல் தயார். அதனிடம் கெஞ்சவும் முடியாது, சிபாரிசும் செல்லாது.

ஐம்பத்திரண்டு முடிந்தால் யாராக இருந்தாலும் நெகிழ்நோக்கிக்கு வந்தாக வேண்டும், சட்டம். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத வளைகிற குழாய்க் கண் அது. கீழ்க்குடலுக்குள் போய் ஒவ்வொரு உயிரணுவையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, பத்து வருஷம் கழித்து வரப்போகிற புற்றை இன்றைக்கே சொல்லிவிடும். நல்ல கருவிதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அதற்குக் குடல் துடைத்துவைத்த மாதிரி இருக்க வேண்டும். சோறு, கசடு மட்டும் போனால் போதாது. வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கும் உள்ளுயிர்களும் வெளியே போக வேண்டும். அவை இருந்தால் கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல எல்லாம் மங்கிவிடும்.

அவற்றைக் கிருமி என்று இப்போது யாரும் சொல்வதில்லை. மனிதனுடைய கோபம், சோம்பல், பாசம், பயம் எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் அவற்றின் கைவேலை என்று நிரூபித்து முப்பது வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் உலகம் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளுயிர்ப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்கிறார்கள். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் உள்ளுயிரை மாத்திரையாக்கிப் பரீட்சை மாதத்தில் விற்கிறார்கள். பெண்டாட்டியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, மன்னிப்புக் கேட்காமல், "என் உள்ளுயிர் சரியில்லை" என்று சொல்லிப் போய்விடுகிற ஆண்பிள்ளைகளும் உண்டு.

அதனால் யாருடைய உள்ளுயிரையும் வீணாக்கக்கூடாது. கழுவுநீர் கொடுப்பதற்கு முன்னாலேயே அதை எடுத்து, ஒரு தம்ளர் உயரமுள்ள எஃகுக் குப்பியில் அடைத்து, பெயர் ஒட்டிக் குளிரறையில் வைத்துவிடுவார்கள். நோக்கியில் பார்த்து முடித்ததும் அவரவர் குப்பி அவரவருக்குத் திரும்பப் போகும். நடுவில் ஐந்தாறு மணி நேரம் மனிதன் வெறுங்குடலோடு இருப்பான். லேசாகத் தலை சுற்றும், பசிக்கும், அவ்வளவுதான்.

செவிலி ரெஜினா கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள். முப்பத்தைந்து வயது, வாய் ஓயாத பெண். இந்த நெகிழ்நோக்கி நிலையத்தில் எட்டு வருஷமாக ஊரார் வயிற்றைக் கழுவிக்கொண்டிருக்கிறவள்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கஞ்சித் தெளிவும் வடிகட்டிய ரசமும் மட்டும்தான் என்றாள் தர்ஷினி. கத்தரிக்காய்? தொடவே இல்லை.

"ஒன்பது கத்தரி விதை வந்திருக்குக்கா," என்றாள் ரெஜினா, சீட்டைக் காட்டி.

தர்ஷினிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நேற்று மத்தியானம் வீட்டுக்காரருக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஜெகதீஷ் தட்டில் ஒரு கைப்பிடி மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பார். அது அவர் வழக்கம். தட்டை எடுத்துக்கொண்டு போகிறவள் அதை வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். இது இவள் வழக்கம். இருபத்தெட்டு வருஷமாக. வீணாகப் போகிறதே என்றுதான், வேறென்ன. நேற்றும் கஞ்சித் தெளிவைக் குடித்துவிட்டு, விதை கூடாது, தோல் கூடாது, கீரை கூடாது என்று நிலையத்தார் கொடுத்த தாளை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அவள் தட்டை எடுத்தாள். கழுவுதொட்டிக்குப் போகிற ஆறு அடிக்குள் கை தன்பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது. அதைச் சாப்பாடு என்று யாராவது சேர்ப்பார்களா? சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், அது பொய்யும் இல்லை.

ரெஜினா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இந்த நிலையத்துக்கு வருகிற பொம்பளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் என்றாள். ஆம்பளைகள் திருட்டுத்தனமாக வடை தின்றுவிட்டு வருவார்கள், பொம்பளைகள் மிச்சம் வழித்துவிட்டு வருவார்கள். சரி, மறுபடி கழுவ வேண்டும், பச்சை விழ ராத்திரி ஆகிவிடும். நாளையும் நாளை மறுநாளும் நோக்கிக்கு ஆள் நிரம்பிவிட்டது, வெள்ளிக்கிழமைதான் இடம் இருக்கிறது. அதுவரைக்கும் குப்பியைத் திருப்ப முடியாது. திருப்பினால் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். ஆக மூன்று நாள் வெறுங்குடல். இளநீர், வடித்த ரசம், கஞ்சித் தெளிவு, கை நரம்பில் சொட்டுச்சொட்டாக ஏறும் ஊசி நீர்.

தர்ஷினி சரியென்றாள். அவள் எதற்கும் சரி என்றுதான் சொல்வாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும், அதற்கு யாரால் முடியும்.

அலுப்பு அவளுக்குப் புதுசல்ல. கல்யாணமான இரண்டாம் வருஷத்தில் எப்போதோ வந்து உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. மருத்துவர்கள் இரத்தம் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றும் குறை இல்லை என்றார்கள். குறை இல்லாமலேயே காலையில் கண் விழித்ததும் எப்போது ராத்திரி ஆகும் என்று இருக்கும். மகள் பெங்களூரிலிருந்து பேசினால் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் அழைப்பு முடிந்தால் அதைவிடச் சந்தோஷமாக இருக்கும். இதுதான் தன் சுபாவம் என்று அவள் எப்போதோ தீர்மானித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பூராவும் கழிவறைக்கும் கட்டிலுக்குமாகப் போயிற்று. பச்சை விழுந்தபோது நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை.

புதன்கிழமை காலையில் அவள் கண் விழித்தபோது ஏதோ தப்பாக இருந்தது. முதலில் காய்ச்சல் என்று நினைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்துதான் இருந்தது. பசித்தது, உடம்பு லேசாக நடுங்கியது, ஆனால் வேறு எதையோ காணோம். கட்டிலில் உட்கார்ந்து என்ன காணோம் என்று யோசித்தாள். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மாதிரித் தேடினாள். அப்புறம்தான் தெரிந்தது. அலுப்பைக் காணோம்.

போர்வையை மடித்து வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளின் போர்வையையும் மடித்து வைத்தாள். ஊசி நீர்க் கம்பத்தை உருட்டிக்கொண்டே நடையில் போய், சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை எல்லாம் ஒன்று விடாமல் படித்தாள். கஞ்சித் தெளிவு ஆறிப்போய் வந்ததற்குச் சமையலறைக்கே போய், சூடாகக் கொடுத்தால் கை குறைந்துவிடுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே திகைத்துப்போனாள். சூடாகவே கொடுத்தார்கள். இப்படிக் கேட்டால் கிடைக்குமா என்பது ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குத் தெரியவந்த புதுச் சேதி.

மத்தியானம் ரெஜினாவிடம் ஒரு தாளும் பேனாவும் வாங்கி வரைய உட்கார்ந்தாள். அவள் வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. கட்டும்போதே விட்டுப்போயிற்று. கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வேப்பமரம் நிற்கிறது, காற்று வருகிறது, இவள் இந்தப் பக்கம் இருபத்தெட்டு வருஷமாக அடுப்புச் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறாள். ஒரு ஜன்னல் வைக்க என்ன செலவாகும், எத்தனை நாள் ஆகும்? இரண்டு நாள். கொத்தனாரிடம் பேச வேண்டும், வீட்டுக்காரரிடம் பேச வேண்டும், தூசியைத் துடைக்க வேண்டும். அந்த மூன்றுக்கும் பயந்து இருபத்தெட்டு வருஷம். தாளில் சுவரை வரைந்து, ஜன்னலை வரைந்து, அடுப்பிலிருந்து எத்தனை அடி என்று குறித்தாள். தன்னை நினைத்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுதாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை ரெஜினா அவளுடைய உள்ளுயிர் வரைபடத்தைத் திரையில் காட்டினாள். காட்டக்கூடாதுதான். ஆனால் இந்த அக்கா முந்தின நாளிலிருந்து வார்டையே கலகலப்பாக்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்து அவளுக்கு மனசு ஒட்டிக்கொண்டது. திரையில் பெரும்பகுதி ஒரே காவி நிறமாக இருந்தது. நூற்றுக்கு எண்பத்தொரு பங்கு ஒரே கூட்டம், மந்தக்கூட்டம் என்று பெயர். அது தர்ஷினி பிறந்து வளர்ந்த வீட்டு வகை இல்லை.

"உங்க வீட்டுக்காரர் வீட்டு வகைக்கா இது," என்றாள் ரெஜினா. "பதிவுல உங்க மாமியாருதும் இருக்கு, அப்படியே அச்சு. அவங்களும் எப்பப் பாத்தாலும் படுத்தே இருப்பாங்களா?"

மாமியார் சுகன்யா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. எந்நேரமும் வேலை செய்துகொண்டேதான் இருந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் "அப்பாடா" என்று ஒரு தடவை சொல்வாள். அவளும் மாமனார் தட்டை வழித்தவள்தான்.

தர்ஷினி ஒரு சந்தேகம் கேட்டாள். அதே கூட்டம்தானே தன் வீட்டுக்காரர் வயிற்றிலும் இருக்கும். அவர் ஒரு நாளும் அலுப்பு என்று சொன்னதில்லையே. நில அளவைத் துறையில், பறக்கும் கருவிகள் ஊரை அளந்துகொண்டு வருவதை உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் சாய்வு நாற்காலி. ஊர் பூராவும் அவரை நிதானமான மனுஷன், பதறாத மனுஷன் என்று மெச்சுகிறது.

ரெஜினா சிரித்தாள். கூட்டம் ஒன்றுதான், மந்தம்தான் அதன் குணம். உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது நிம்மதி. நின்றுகொண்டே இருக்கிறவளுக்கு அது அலுப்பு.

தர்ஷினிக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வருஷம் கழித்து வந்த கோபம், சூடாக, நெஞ்சு நிறைய. எச்சில் தட்டில் தின்று தின்று இன்னொரு வீட்டின் மந்தத்தை வயிற்றில் சுமந்து, அதையே தன் சுபாவம் என்று நம்பி, பாதி ஆயுளை ஓட்டியாயிற்று. அந்தக் குப்பி எனக்கு வேண்டாம் என்றாள். வேறு வழி இருக்கிறதா?

இருந்தது. குப்பி கெட்டுப்போனவர்களுக்கென்று நிலையத்தில் பொதுக்கலவை ஒன்று வைத்திருக்கிறார்கள். யாருடையதும் அல்லாத, எல்லா வகையும் சமமாகச் சேர்ந்த உள்ளுயிர். அதைப் போட்டுக்கொண்டால் இப்போது இருக்கிற மாதிரியே ஏறக்குறைய இருக்கலாம். ஆனால் ரெஜினாவின் முகம் வாடிவிட்டது. வெறுங்குடல் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே அக்கா என்றாள்.

அந்தச் சட்டம் வந்த கதை ஊருக்கே தெரியும். ஒரு பனியன் கம்பெனிக்காரர் ஒரே ஒரு பகல் வெறுங்குடலோடு இருந்தபோது, கம்பெனியை வேலைக்காரர்கள் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். குப்பி திரும்பிப் போன மறுநாள் கோர்ட்டுக்கு ஓடினார். இன்னொரு அம்மாள் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வழக்கானதும் சட்டம் போட்டார்கள். வெறுங்குடலோடு இருப்பவர் அவராக இல்லை. ஆகவே அவர் எடுக்கும் எந்த முடிவும் செல்லாது. அந்த நேரத்தில் நெருங்கிய உறவினர்தான் காப்பாளர், அவர் சொல்வதுதான் முடிவு. குப்பி திரும்பிய பிறகு, ஒரு மாதத்துக்குள், உரியவரே நிறைகுடலோடு வந்து கைரேகை வைத்தால் மாற்றித் தருவார்கள். ஆனால் ரேகை வைத்த பிறகு மறுபடி தயாராக வேண்டும். இரண்டு நாள் பத்தியம், கழுவுநீர், தெளிவுக்கண், எல்லாம். மாதம் தாண்டினால் கூட்டம் வேரூன்றிவிடும், அடுத்த நோக்கிக்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

"நான் நானா இல்லைன்னு யாரு சொல்றது?" என்று கேட்டாள் தர்ஷினி.

"சட்டம்க்கா."

வெள்ளிக்கிழமை காலை நெகிழ்நோக்கி. இவ்வளவு அமர்க்களத்துக்கும் கடைசியில் அது பத்து நிமிஷ வேலைதான். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். கூச்சமாக இருந்தது, வயிறு உப்பினாற்போல இருந்தது, வலி இல்லை. திரையில் அவளுடைய குடல் தெரிந்தது. இளஞ்சிவப்பாக, மழையில் நனைந்த மாதிரி மினுமினுவென்று, ஒரு கறைகூட இல்லாமல். இவ்வளவு அழகான இடத்தையா இத்தனை நாள் இப்படி வைத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. மருத்துவர் ஒரு பழுதும் இல்லை என்றார். இன்னும் பத்து வருஷத்துக்குப் புற்றுப் பேச்சே இல்லை.

குப்பி திரும்பும் நேரம் நாலு மணி. ஜெகதீஷ் மூன்று மணிக்கு வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் வெந்நீர்க் குடுவை. மூன்று நாளாகத் தினமும் சாயங்காலம் போனில் விசாரித்ததோடு சரி. நேரில் பார்க்கிறது இப்போதுதான்.

தர்ஷினி அவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். சட்டைப் பித்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றது. மூன்று நாள் நான் இல்லாததற்கே இந்தக் கோலமா என்று கேட்டுக்கொண்டே கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அவர் கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்தார். வாய்விட்டு அவள் சிரித்து அவர் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ, அவருக்கே நினைவில்லை.

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு மிச்சத்தைச் சொன்னாள், மந்தக்கூட்டத்தைச் சொன்னாள், ஜன்னல் வரைந்த தாளைக் காட்டினாள். உங்கள் அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டுக்கு வருவது எனக்குப் பிடிக்கவில்லை என்றாள். தனியாக வண்டி எடுத்துக்கொண்டு தனுஷ்கோடி வரைக்கும் போய்வர வேண்டும் என்றாள். உங்கள் மேல் எனக்கு ஆசை உண்டு, அதைச் சொல்லக்கூட இத்தனை வருஷம் தெம்பு இருந்ததில்லை என்றாள். ஜெகதீஷ் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்தில் அவள் பேசியது ஒரு வருஷத்தில் பேசுவதைவிட அதிகம்.

நாலு மணிக்கு மருத்துவர் குப்பியோடும் படிவத்தோடும் வந்தார். காப்பாளர் சொல்ல வேண்டும்: சொந்தக் குப்பியா, பொதுக்கலவையா?

ஜெகதீஷ் படிவத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது. கெட்ட மனுஷன் இல்லை அவர்; அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளும் கைநீட்டியதில்லை, ஒரு நாளும் பசியோடு விட்டதில்லை. அவள் முடியவில்லை என்று படுத்த நாட்களில் தானே ரசம் வைத்துக் குடித்திருக்கிறார்.

"எனக்கு வேற யாரும் வேணாம் டாக்டர்," என்றார். "இருபத்தெட்டு வருஷம் என்கூட இருந்தவளைத் திருப்பிக் குடுத்துடுங்க. அது போதும்."

"நான்தாங்க அது," என்றாள் தர்ஷினி.

"நீ இப்ப அப்படித்தான் சொல்லுவ தர்ஷி. இது நீ இல்ல. எனக்குத் தெரியாதா?"

"பயமா இருக்கா உங்களுக்கு?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அப்புறம், ஆமாம் என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. பழகின பேயே மேல் என்று நினைக்கிற மனுஷனிடம் என்ன வாதாடுவது. அவளுக்கு இன்னொரு வழி இருக்கிறதே. ஒரு மாதம் இருக்கிறது, அவளே வந்து ரேகை வைக்கலாம். பத்து நிமிஷம் அவகாசம் கேட்டு, ரெஜினாவிடமிருந்து ஒரு குரல்வில்லையை வாங்கி, நடைக்கோடியில் போய் நின்று, தனக்குத் தானே பேசிப் பதிந்துகொண்டாள். வில்லை கால்காசு அகலம். அதைப் பையின் உள்ளறையில் பத்திரமாக வைத்தாள். நாளைக்கே வந்துவிடுவேன், கழுவுநீரைத் தயாராக வை என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டு, மருத்துவர் காட்டின கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் கண் விழித்தபோது எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எப்போது ராத்திரி ஆகும் என்று இருந்தது.

நடந்தது ஒன்றும் மறக்கவில்லை. எல்லாம் நினைவிருந்தது, பக்கத்து வீட்டுக்காரி சொன்ன கதை நினைவிருப்பது மாதிரி. நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதும் நினைவிருந்தது. இன்றைக்கு வேண்டாம், நாக்கில் இன்னும் உப்பு இருக்கிறது, ஒரு வாரம் போகட்டும் என்று விட்டாள். ஒரு வாரம் போனது. வெள்ளிக்கிழமை நாத்தனார் சாப்பாட்டுக்கு வந்தாள். இவள் இலையைப் போட்டாள்.

மாறினது ஜெகதீஷ்தான். எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒரு நாள் வேண்டுமென்றே பித்தானைத் தள்ளிப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் பார்த்தாள், பித்தான் மாறியிருக்கு என்றாள், மாவு கரைக்கப் போய்விட்டாள். அவர் பித்தானைத் தானே சரியாகப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது வாரம் அவரே கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டார். பதறாத மனுஷன், நாற்காலியை விட்டு எழுந்து கடைத்தெரு வரைக்கும் போய்க் கூட்டிவந்தார். கொத்தனார் கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்து, இரண்டு நாள் வேலை என்றார். தர்ஷினி, இப்போது எதற்கு, மாவிலெல்லாம் தூசி விழும், பங்குனி போகட்டும் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஜெகதீஷ் ரகசியமாக நிலையத்துக்குப் போன் செய்து, காப்பாளராகத் தானே வந்து கையெழுத்தை மாற்றிப் போடலாமா என்று கேட்டார். முடியாது என்றாள் ரெஜினா. அந்த அதிகாரம் வெறுங்குடல் வரைக்கும்தான். இப்போது அக்கா நிறைகுடலோடு, தன் நினைவோடு இருக்கிறார்கள், அவர்கள் முடிவு அவர்கள் கையில்.

முப்பதாம் நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. நிலையம் ஐந்து மணிக்கு மூடும். ஜெகதீஷ் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"போலாமா தர்ஷி? ரேகை வச்சுட்டு வந்துடலாம்."

"நாளைக்குப் பாக்கலாங்க."

"நாளைக்கு முடியாது. இன்னைக்குத்தான் கடைசி."

அவள் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் பையைத் துழாவி, உள்ளறையிலிருந்து குரல்வில்லையை எடுத்து மேஜைமேல் வைத்துத் தட்டினார்.

அந்தக் குரல் கூடத்தில் கணீரென்று கேட்டது. ஏய் தர்ஷினி, நான்தான்டி, உனக்கு அலுப்பா இருக்கும், எனக்குத் தெரியும் என்றது. அந்த அலுப்பு உன்னுது இல்லை, நீ சுமக்கிறது அடுத்தவங்க மூட்டை என்றது. ஜன்னல் பற்றிப் பேசியது, கடலைப் பற்றிப் பேசியது, நடுவில் எதற்கோ சிரித்தது. ஜெகதீஷ் தலையைக் குனிந்துகொண்டார். கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷத்தை எடுத்துக் கிழித்துப் போட முடிந்தால் போட்டிருப்பார், அவர் முகம் அப்படி இருந்தது. ரெண்டு நாள் உப்புத் தண்ணி, அவ்வளவுதான்டி, கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சிடு, அதுக்கப்புறம் பாரு என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தபோது தர்ஷினி கையை நீட்டி வில்லையை அணைத்தாள். வாயில் எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வந்தது.

"நல்லாத்தான் பேசுறா," என்றாள். "அவளுக்கென்ன, வயித்துல ஒண்ணும் இல்ல, பேசுவா. குடிக்கப்போறது நான்ல?"

சொல்லிவிட்டு அவள் சுவரோரமாகக் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். ஜெகதீஷ் ஐந்து மணி வரைக்கும் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து போய் ஆணியில் மாட்டினார்.